பன்னிரண்டு கோடும் எரியுது, ஏற்றத்தில் மட்டும் கார் ஏறாது



இதை எழுதுவதா விடுவதா என்று ஸ்டாஃப் ரூமில் மூன்று நாள் பேசினோம். "ஊருக்குள்ள மனஸ்தாபம் வரும், விடுங்க" என்றார்கள் சிலர். வரட்டும். யாருடைய பெயரும் இதில் இல்லை. தொப்பி பொருந்துகிறவர் போட்டுக்கொள்ளலாம்.

எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் போன வருடக் கடைசியில் பாவித்த மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். பாதிக் காசு கடன், மீதி நகை. இரண்டு மாதம் கழித்து, மஃரிபுக்குப் பிறகு உம்மாவை ஏற்றிக்கொண்டு மாவனெல்லையில் இருந்து கண்டிக்குப் போகும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவு ஒன்றில் காரின் சக்தி திடீரென்று விழுந்தது. மிதியை அடிவரை அமுக்கியும் கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. டாஷ்போர்டில் ஆமை விளக்கு. சார்ஜ் 38 வீதம் காட்டியது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் கொள்கலன் லொறி, இரண்டும் ஹோர்ன் அடிக்கின்றன. பக்கத்து ஆசனத்தில் உம்மா கலிமா சொல்கிறார்.

அல்லாஹ் காப்பாற்றினான். ஓரமாக ஒதுக்கிப் பத்து நிமிடம் நின்றபின், ஒன்றுமே நடக்காதது போல் கார் ஓடியது. அடுத்த நாள் விற்றவரிடம் கொண்டுபோனால் பதில் இதுதான்: "பட்டரி பன்னெண்டும் ஈக்கி டீச்சர். ஒங்களுக்கு ஓட்டத் தெரியல்ல."

இந்த ஒரு வசனத்துக்குத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

ஓட்டத் தெரியாதது அல்ல இது. க.பொ.த. உயர்தர பௌதிகவியலில் நாங்கள் ஒவ்வொரு வருடமும் பலகையில் எழுதும் விடயம் இது. எந்தக் கலத்துக்கும் ஒரு மின்னியக்க விசை உண்டு, உள்ளுக்குள் ஓர் அகத்தடை உண்டு. வெளியே கிடைக்கும் வோல்ற்றளவு, மின்னியக்க விசையில் இருந்து மின்னோட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கிய அளவைக் கழித்தால் வருவது. மின்னோட்டம் இல்லாவிட்டால் கழிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் செத்துப்போன டோர்ச் பட்டரியைச் சும்மா வோல்ற்றுமானியில் பிடித்தால் ஏறத்தாழ நல்ல பட்டரி போலக் காட்டும். குமிழைத் தொடுத்த அடுத்த கணம் முள் கீழே விழும். இந்தச் செய்முறையைச் செய்து பார்க்காத பிள்ளை எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.

காரிலும் அதேதான், அளவுதான் பெரிது. நம் ஊர்களில் பலரும் அறிந்த மின்சாரக் கார் நிசான் லீஃப் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். அதன் 24 கிலோவாற்று மணி பட்டரியில் 192 கலங்கள். இரண்டிரண்டாகச் சமாந்தரமாக இணைத்த 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. மொத்தம் சுமார் 360 வோல்ற்று. மோட்டார் 80 கிலோவாற்று. முழுச் சக்தியையும் கேட்டால் 200 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும், அதுவும் ஒவ்வொரு சோடிக்குள்ளாலும்.

கணக்குக்காக ஒரு சோடியின் அகத்தடையை ஒரு மில்லி ஓம் என்று வைப்போம். 200 அம்பியருக்கு 0.2 வோல்ற்று குறையும், அவ்வளவுதான். பட்டரி பழசாகி அது மூன்று மில்லி ஓம் ஆனால் குறைவது 0.6 வோல்ற்று. பாதிச் சார்ஜில் 3.7 வோல்ற்றில் இருந்த சோடி, மிதியை அமுக்கியதும் 3.1இல் நிற்கும். அதிலும் சார்ஜ் குறைந்து, மற்றவற்றைவிடக் கூடப் பழுதான ஒரு சோடி இருந்தால் அது மூன்றுக்கும் கீழே போகும். லிதியம் கலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் அது நிரந்தரமாகக் கெடக்கூடும். ஆகவே பட்டரியைக் காவல் காக்கும் கட்டுப்பாட்டு அலகு, "இதற்குமேல் தரமாட்டேன்" என்று மோட்டாரின் பங்கை வெட்டிவிடுகிறது. மிச்சம் 95 சோடியும் திடமாக இருந்தாலும் பயனில்லை, தொடரில் இருப்பதால் பலவீனமானதுதான் எல்லாருக்கும் எல்லை போடும். டீச்சரின் ஆமை விளக்கு எரிந்தது இப்படித்தான். பத்து நிமிடம் நின்றபோது மின்னோட்டம் இல்லை, வோல்ற்றளவு ஏறிவிட்டது, கார் "குணமாகி"விட்டது. மெக்கானிக்கிடம் போகும்போது நோய் ஒளிந்துகொள்வதும் இதனால்தான்.

அந்த 0.6 வோல்ற்று எங்கே போகிறது என்று கேட்ட மாணவிக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி: 200 அம்பியரின் வர்க்கம், தர 0.003 ஓம், தர 96. விடை 11,520 வாற்று. ஐந்தாறு மின்கேத்தல்களை ஒன்றாகப் போட்ட வெப்பம், ஆசனத்துக்குக் கீழே மூடிய பெட்டிக்குள். முழு மிதியில் மட்டும்தான், ஆனாலும் ஏற்றத்தில் யார் அரை மிதியில் முந்துகிறார்கள்?

அகத்தடை ஏன் கூடுகிறது? புத்தளம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அப்படி ஒன்று கலத்துக்குள் கிரபைட்டின் மேற்பரப்பில் படிகிறது. ஓரளவுக்கு அந்தப் படை அவசியம். வருடங்கள் போகப் போகத் தடிக்கிறது. தடிக்கும்போது கொஞ்சம் லிதியத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் கொள்ளளவு குறைகிறது. மிச்ச லிதியம் போய்வரும் பாதையையும் நெருக்கிவிடுகிறது, அதனால் தடை கூடுகிறது. தாங்கி சிறுத்துப் போவது ஒன்று, குழாய் அடைத்துப் போவது இன்னொன்று. வெப்பமும், எப்போதும் முழுச் சார்ஜில் வைத்திருப்பதும் இரண்டையும் வேகப்படுத்தும்.

லீஃபின் பட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய லீஃப்கள் ஓரிரு வருடத்திலேயே கொள்ளளவை இழந்து பெரிய பிரச்சினையானது. பின்னர் அந்நாட்டில் கொள்ளளவுக்கென்றே தனி உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது. நம் நாட்டில் அரிசோனா வெயில் இல்லை, ஆனால் குளிர்காலமும் இல்லை. பன்னிரண்டு மாதமும் பட்டரிக்குக் கோடைதான். அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தவர்களுக்கு மின்சாரக் கார் ஒரு வரமாகத் தெரிந்தது, விலையும் அதற்கேற்ப ஏறியது. பழசாகப் பழசாக விலை ஏறிய ஒரு பொருளில் பழசை மறைக்கும் ஆசை வராமல் இருக்குமா?

இனிப் "பன்னிரண்டு கோடு" கதைக்கு வருவோம். லீஃபின் டாஷ்போர்டில் ஓரமாகப் பன்னிரண்டு சிறு கோடுகள். கொள்ளளவு சுமார் 15 வீதம் குறைந்த பிறகுதான் முதலாவது கோடு அணையும். அதாவது பன்னிரண்டும் எரிகிறது என்றால் புதுசு என்று அர்த்தம் இல்லை. இரண்டாவது, கணினிக் கருவியைச் செருகிக் கட்டுப்பாட்டு அலகின் பழைய கணக்கை அழித்துவிட்டால் போன கோடுகள் எல்லாம் திரும்ப எரியும். சில வாரமோ சில மாதமோ ஓடியபின் அலகு உண்மையை மறுபடி படித்து ஒவ்வொன்றாக அணைக்கும். அதற்குள் காசு கைமாறி, வாகனப் புத்தகமும் மாறியிருக்கும். டீச்சருக்கு விற்றவர் இதைச் செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்ய வேண்டிய தேவையும் இல்லை. ஏனென்றால் அந்தக் கோடுகள் காட்டுவது தாங்கியை. அடைத்துப் போனது குழாய்.

"பழைய வாகனம் என்டா அப்பிடித்தான். பாத்துத்தானே வாங்கின?" இது அடுத்த வாதம். பழையது பழையதாக விற்கப்படுவதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. "ஏற்றத்தில் சார்ஜ் குறைந்தால் இழுக்காது, அதனால் விலையில் இவ்வளவு குறைக்கிறேன்" என்று சொல்லி விற்றிருந்தால், ஊருக்குள் மட்டும் ஓடுகிற ஒருவர் சந்தோஷமாக வாங்கியிருப்பார். பாடசாலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர அந்தக் கார் இன்னும் பல வருடம் போதும். சொல்லாமல் விற்றதுதான் பிரச்சினை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். மழை பட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்பதுதான் அங்கே கேள்வி. மறைந்த குறையோடு விற்ற பொருளைத் திருப்பும் உரிமைக்கு ஃபிக்ஹில் தனிப் பாடமே இருக்கிறது. அதை ஓதிக்கொடுக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கார் விவகாரம் என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் "அது வியாபாரம்" ஆகிவிடுகிறது.

எங்கள் மேலும் குற்றம் உண்டு, அதை மறைத்தால் நாங்களும் அதே குவியல்தான். டீச்சர் கார் வாங்குமுன் எங்களைத்தான் கூட்டிப்போனார். நால்வர் போனோம். அகத்தடையைப் பத்து வருடமாகப் படிப்பிக்கிறவரும் அதில் ஒருவர். பெயின்ற்றைத் தடவிப் பார்த்தோம், ஏசி குளிர்கிறதா என்று பார்த்தோம், டயரை மிதித்தோம். டவுனுக்குள் சமதரையில் ஒரு சுற்று ஓட்டினோம். முழுச் சார்ஜில் நின்ற கார், சமதரை, நாற்பது கிலோமீற்றர் வேகம். டோர்ச் பட்டரியைக் குமிழ் இல்லாமல் அளந்தது போல. விற்றவர் எங்களுக்குத் தெரிந்த மனிதர், நல்ல தாடி, முதலாம் ஸஃப். அதற்குமேல் என்ன பார்ப்பது என்று வந்துவிட்டோம். வினாத்தாளில் வந்தால் பதினைந்து புள்ளியும் எடுக்கும் அறிவு, சாவி கையில் வந்தபோது எங்கே போனதோ.

பார்க்கும் முறை பெரிய வித்தையும் அல்ல. ஓபிடி என்ற சின்னக் கருவியைக் காரில் செருகி, லீஃப் ஸ்பை போன்ற செயலியைப் போனில் திறந்தால் 96 சோடிகளின் வோல்ற்றளவும் தனித்தனித் தூண்களாக வரும். நிற்கும்போது எல்லாம் ஒரே உயரமாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சார்ஜ் 40 வீதத்துக்குக் கீழே வரட்டும், பிறகு ஓர் ஏற்றத்தில் நால்வரை ஏற்றிக்கொண்டு மிதியை அமுக்குங்கள், இன்னொருவர் போனைப் பார்க்கட்டும். ஒரு தூண் மட்டும் கூட்டத்தை விட்டுக் கீழே விழுந்தால் அதுதான் நோயாளி. எல்லாமே சேர்ந்து ஆழமாக விழுந்தால் பட்டரி முழுதும் களைத்துவிட்டது. முதலாவதற்கு அந்தத் தொகுதியை மட்டும் மாற்றலாம், பொருத்தமான பழைய தொகுதி கிடைத்தால். இரண்டாவதற்கு ஒன்றை மாற்றிவிட்டு "பட்டரி செஞ்சு தந்தம்" என்று பில் எழுதுவது இன்னொரு ஏமாற்று. அடுத்த பலவீனமானது வரிசையில் காத்திருக்கும். ஹைபிரிட் வைத்திருக்கும் நானாமார் சிரிக்க வேண்டாம், ப்ரியஸின் 28 தொகுதிகளுக்கும் இதே கதைதான்.

கையில் ஏற்கெனவே பழைய பட்டரி இருப்பவர்கள், ஏற்றப் பயணத்துக்குச் சார்ஜைக் கூட வைத்துப் புறப்படுங்கள், வோல்ற்றளவு உயரத்தில் இருக்கும்போது விழ இடம் அதிகம். மலையில் முந்தப் போகாதீர்கள். ஆமை விளக்கு எரிந்தால் உடனே ஓரம்.

டீச்சர் இன்னும் மாதாமாதம் கடன் கட்டுகிறார். கண்டி கிளினிக்குக்கு உம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப்போகிறார். விற்றவரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு, ரோட்டில் வாகனம் குறைவான நேரத்தில், அதே காரில் எங்களோடு கடுகண்ணாவைக்கு வாருங்கள். சார்ஜ் 38 வீதத்தில் புறப்படுவோம். ஸ்டியரிங்கை நீங்களே பிடியுங்கள், ஓட்டத் தெரிந்தவர் நீங்கள்தானே. நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறோம். பள்ளி நிர்வாகத்தில் இருந்தும் ஒருவர் பின் ஆசனத்தில் இருக்கட்டும்.

கருவி எங்களிடம் இருக்கிறது. வேறு யாரும் வாங்கப்போகும் காரைப் பார்க்க வேண்டுமானால் பாடசாலை விட்டதும் வாருங்கள், காசு வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போவோம், அவர்களுக்கும் செய்முறை ஒன்று ஆகிறது.