தூரமா, நேரமா?

சென்ற விடுமுறையில் அக்காள் மேற்படிப்புக்காகச் சான் பிரான்சிஸ்கோ செல்ல ஆயத்தமானாள். "அது தில்லியிலேர்ந்து எவ்வளவு தூரம்டா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளை அல்லவா நான்! அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழி எதுவெனக் கணக்கிட்டேன். "ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர்" என்றேன் பெருமிதத்தோடு. அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஓர் அவசரம்னா எத்தனை மணி நேரத்திலே மதுரை வந்து சேருவா?" என்றாள். என் கணக்கில் அதற்கு விடை இல்லை.

நண்பர்களே! இரு விமான நிலையங்களின் இடைத்தூரத்தைச் சொல்லிவிட்டால் பயணத்தையே சொல்லிவிட்டதாக நினைக்கிறோம். அது தவறு என்பதே என் கட்சி.

நான் கணக்கிட்ட வழி சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் கடலின் மேல் செல்வது. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இவ்விரு நகரங்களுக்கிடையே நிற்காமல் செல்லும் விமானத்தைத் தொடங்கியபோது, அது அட்லாண்டிக் வழியாகவே பறந்தது; தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 ஆகக் கூடிற்று. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி ஆயிற்று!

பூமி சுழல்வதுதான் காரணம் என்பார் சிலர். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தல்லவா சுழல்கிறது? சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் காற்றோட்டமே காரணம். ஆற்றோடு போகும் ஓடமும் ஆற்றை எதிர்த்துப் போகும் ஓடமும் ஒன்றாகுமா?

காற்றாவது இயற்கை. மனிதன் போடும் வேலியை என்னென்பது? 2022இல் ருஷ்யா ஐரோப்பிய நாட்டு விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் முடிந்த பயணம் ஏறத்தாழ 13 மணியாக நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூட, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் விமானங்களும் சுற்றிப்போக நேர்ந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன!

'உலகம் சுருங்கிவிட்டது' என்று விடுதியில் வாய் ஓயாமல் பேசுகிறோம். காற்று இசைந்து, அரசுகள் வழிவிட்டு, சீட்டுக்குப் பணமும் இருந்தால் சுருங்கும். இல்லையேல் விரியும். ஆகவே, கேட்பவர் எதை அறிய விரும்புகிறார் என்று தெரிந்து விடை சொல்வதே அறிவியல் படித்தவனுக்கு அழகு.

அன்றிரவு மறுபடியும் கணக்குப் போட்டேன். விமானம் பறக்கும் நேரம், தில்லியில் காத்திருக்கும் நேரம், அங்கிருந்து மதுரைக்கு ஆகும் நேரம், தாமதத்துக்கென்று கொஞ்சம். "ஒன்றரை நாள் ஆகும் அம்மா" என்றேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.