நடை நம்முடையதா?



ஸ்ரீவராகம் குளக்கரைப் பக்கம் மாலையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர் எட்டி நடக்கிறார். தழைய விட்டவரோ அடியளந்து நடக்கிறார். தலையில் மீன்கூடை சுமந்து வரும் அம்மையாரின் இடுப்பு அசைகிறது, கழுத்து அசைவதில்லை. உடையும் சுமையும் நடையை மாற்றும் என்பதை அந்தத் தெரு சொல்லாமல் சொல்கிறது.

இதை ஏன் கூறுகிறேன்? நம்மில் சிலர் கணினி விளையாட்டுக்காகப் பிக்சல் உருவங்களைத் தீட்டுகிறோம். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் கட்டம் கட்டமாக நிறம் வைத்து, அவற்றை நடக்கவும் வைக்கிறோம். நல்ல முயற்சி! ஆனால் நாம் படைத்த வீரன் கட்டியிருப்பது வேட்டி. அவன் நடையோ ஜப்பானிய விளையாட்டிலிருந்து வாங்கிய கடன்! நானும் அப்பிழையைச் செய்தவனே. வேட்டி அசையாமல் நிற்க, கால்கள் மட்டும் கத்தரிக்கோல் போல் விரிந்தன. நண்பர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது.

முதலில் உடலளவைப் பார்ப்போம். நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் ‘தாளம்’ எனக் கொண்டு உடலை அளந்தார்கள். நவதாளம் என்றால் 108 அங்குலம். பூதகணங்களுக்கு அத்தனை தாளம் கிடையாது. தலை பெரிது, உடல் குறுகல். எவ்வுருவுக்கு எவ்வளவு என்பதே அவர்கள் காட்டிய வழி. 32 புள்ளி உயர உருவத்தை எட்டுத் தலை உயரமாக வகுத்தால் தலைக்குக் கிடைப்பது 4 புள்ளி. கண் எங்கே, மீசை எங்கே? தலைக்கு 8 புள்ளி கொடுங்கள், முகம் பேசும். எடுத்த அளவை எல்லாப் படங்களிலும் காத்திடுங்கள். கை ஒரு புள்ளி நீண்டாலும் கண் கண்டுகொள்ளும்.

அடுத்தது அசைவு. பாதம் தரை தொடுதல், உடல் தாழ்தல், கால் காலைக் கடத்தல், உடல் எழுதல் என நடைக்கு நான்கு நிலைகள். தாழும்போது தலையை ஒரு புள்ளி இறக்குங்கள், எழும்போது ஏற்றுங்கள். வலக்கால் முன்செல்ல இடக்கை முன்வரட்டும். முதலில் ஒரே நிறத்தில் வரைந்து ஓடவிடுங்கள். அந்த வெறும் நிழலுருவம் நடந்தால்தான் வண்ணம் பூசிய உருவமும் நடக்கும்!

பார்த்து வரைவதுதானே பயிற்சி என்பீர்கள். உண்மை. ஆனால் யாரைப் பார்த்து? 1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ விளையாட்டுக்காக ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்தே வரைந்தார். அவருக்கு மாதிரி வீட்டிலேயே கிடைத்தது. நமக்குத் தெருவெல்லாம் மாதிரி. கையிலோ படம் பிடிக்கும் தொலைபேசி!

குளக்கரையில் பார்த்த பிறகு என் வீரனின் அடியைச் சுருக்கினேன். வேட்டிக் கரையைக் காலுக்கு ஒரு படம் பிந்தி அசையவிட்டேன். அன்றுதான் அவன் நம் ஊர்க்காரன் ஆனான். சிரித்த நண்பர்களும் இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

உடை நமது. உருவம் நமது. நண்பர்களே, நடையும் நமதாகட்டும்!