போட்டால் மட்டும் போதுமா?

லேபில் ஒரு மெஷினில் புதுசாக ஏதாவது மென்பொருளைப் போட்டுக் காட்டிவிட்டால் அந்த வாரம் முழுக்க அவன்தான் ஹீரோ. "மச்சான், எப்படிடா போட்டே?" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஆறு மாதம் கழித்து, அதே மென்பொருளைக் கடைசியாகப் புதுப்பித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை உயராது. போட்டவனுக்குக் கைதட்டல், பராமரிப்பவனுக்கு ஒரு டீ கூடக் கிடையாது. நாளைக்குத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் பராமரிப்பு வேலைதானே நண்பர்களே? அப்புறம் ஏன் அதை மட்டும் படிக்காமலே வெளியே போகிறோம்?

யுனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஃப்ரீ பி.எஸ்.டி. லினக்ஸ் அளவுக்கு நம்மிடையே பேர் வாங்காதது, ஆனால் இந்த விஷயத்தில் கட்டுக்கோப்பானது. அதில் இயங்குதளத்தின் அடித்தளம் வேறு, வெளியார் எழுதிய மென்பொருள் வேறு. வெளியார் சரக்கு எல்லாம் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற டைரக்டரிக்குள்தான் போகும். வீட்டுச் சாமானையும் வாடகைப் பாத்திரத்தையும் ஒரே அலமாரியில் கலந்து வைக்காத மாதிரி.

அந்த வெளியார் மென்பொருளைக் கொண்டுவர 'போர்ட்ஸ்' என்று ஒரு ஏற்பாடு. 1994 ஆகஸ்டில் ஜோர்டன் ஹப்பர்ட் என்பவர் தொடங்கிவைத்தது. இன்றைக்கு 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அதில் இருக்கின்றன. ஒரு 'போர்ட்' என்பது அந்த மென்பொருளே அல்ல, அதைக் கட்டுவதற்கான சமையல் குறிப்பு. மூல நிரல் எங்கே கிடைக்கும், கோப்பின் அளவு என்ன, அதன் செக்சம் என்ன, ஃப்ரீ பி.எஸ்.டி.க்கு ஒத்துவர எந்த இடத்தில் திருத்த வேண்டும், கூடவே வேறு எவையெல்லாம் வேண்டும் என்பதெல்லாம் சில சின்னக் கோப்புகளில் எழுதியிருக்கும். 'மேக் இன்ஸ்டால்' என்று அடித்தால் அதுவே இறக்கி, சரிபார்த்து, திருத்தி, கம்பைல் செய்து, நிறுவி, கணக்கிலும் ஏற்றிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்கெனவே கட்டிவைத்த பொட்டலமே உண்டு. அதற்கு 'பி.கே.ஜி.' என்ற கட்டளை. 2014 ஜனவரியில் வந்த 10.0 பதிப்பிலிருந்து புது பி.கே.ஜி.தான் வழக்கத்தில் இருக்கிறது.

கணக்கில் ஏற்றுவது என்றேனே, முக்கியமான இடம் அதுதான். நம்ம ஒர்க்‌ஷாப் டூல் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கொடுக்காமல் ஒரு ஸ்பேனர் வாங்க முடியுமா? போர்டில் டோக்கன் தொங்கினால்தான் சாயங்காலம் எந்தச் சாமான் யாரிடம் என்று தெரியும். பி.கே.ஜி. வைத்திருக்கும் தரவுத்தளமும் அந்த டோக்கன் போர்டுதான். 'பி.கே.ஜி. விச்' என்று ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பொட்டலத்தோடு வந்தது என்று சொல்லிவிடும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எங்கிருந்தோ ஒரு டார் கோப்பை இறக்கி, நேரடியாகக் கம்பைல் செய்து, ரூட்டாக நிறுவிவிட்டுப் போய்விடுகிறோம். அதைவிட மோசம், இணையத்தில் எவரோ எழுதிய ஒற்றை வரியை அப்படியே நகல் எடுத்து ரூட்டாக ஓட்டுவது. வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்து "கொஞ்சம் ஃபேனை மாட்டிட்டுப் போங்க" என்று சொல்கிற கதைதான். இப்படிப் போட்டதற்கு டோக்கன் கிடையாது. எந்தக் கோப்பு எங்கே போனது, எதை நீக்கலாம், எது பழசு, யாருக்கும் தெரியாது. போட்டவனும் அதற்குள் படிப்பை முடித்துவிட்டுப் போயிருப்பான்.

நானும் உத்தமன் இல்லை. என் பழைய லேப்டாப்பில் ஒரு வீடியோ மென்பொருளை எனக்கு வேண்டிய விருப்பத் தேர்வுகளோடு போர்ட்ஸிலிருந்து ஒரு ராத்திரி முழுக்கக் கம்பைல் செய்தேன். மற்றதெல்லாம் பொட்டலங்கள். சில வாரம் கழித்து 'பி.கே.ஜி. அப்கிரேடு' அடித்தேன். அது பட்டியல் போட்டுக் காட்டி "சரியா?" என்று கேட்டது. படிக்காமலே 'ஒய்' அடித்தேன். அவ்வளவுதான். நான் கட்டியதைத் தூக்கிவிட்டு அவர்களுடைய சாதாரணப் பொட்டலத்தை வைத்துவிட்டது. ஒரு ராத்திரி வேலை ஒரு நிமிஷத்தில் போச்சு! குற்றம் யாருடையது? கேட்டுவிட்டுத்தானே செய்தது? 'பி.கே.ஜி. லாக்' போட்டுப் பூட்டியிருக்கலாம். இல்லையென்றால் இரண்டையும் கலக்காமலாவது இருந்திருக்கலாம். போர்ட்ஸ் மரத்தின் புதிய கிளையிலிருந்து ஒன்றும், காலாண்டுக் கிளையின் பொட்டலம் இன்னொன்றும் சேர்த்தால் பதிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும். என் அபிப்பிராயம்: பழகுகிறவர்கள் பொட்டலத்தோடு நிற்கட்டும். ஆனால் ஒரே ஒரு போர்ட்டையாவது கையால் கட்டிப் பார்க்கட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

சரி, புதுப்பிக்கத்தான் வேண்டுமா? "ஓடுற வண்டியை ஏன்டா கழட்டுறே?" என்று கேட்கிற கட்சி நம் விடுதியில் பெரிய கட்சி. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நெட்வொர்க்கில் சேராத, ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய மெஷினை நானும் தொடமாட்டேன். ஓப்பன் எஸ்.எஸ்.எல். விஷயத்தையே பாருங்கள். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தது. அது 2012-ல் வந்த 1.0.1 பதிப்போடு நுழைந்தது. அதற்கு முந்தைய 0.9.8-ஐ விடாமல் வைத்திருந்த சோம்பேறிகள் தப்பித்தார்கள்! ஆனால் ஓட்டை ஊருக்குத் தெரிந்த பிறகும் 1.0.1-ஐ மாற்றாமல் வைத்திருந்தவன் கதி என்ன? சர்வரின் நினைவகத்தில் இருப்பதைத் துண்டு துண்டாக யார் வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம். லேத் மெஷின் தேய்ந்தால்தான் கெடும். நெட்டில் இருக்கும் மென்பொருள் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும், ஏனென்றால் மாறுவது அது அல்ல, அதைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

அப்படியானால் வந்த நிமிஷமே எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுவோமா என்றால், அதுவும் வேண்டாம். 2024-ல் எக்ஸ்.இசட். என்ற சுருக்க மென்பொருளில் நடந்தது தெரியுமா? ஒற்றை ஆள் சோர்ந்துபோய் இழுத்துக்கொண்டிருந்த வேலை அது. உதவிக்கு வருகிறேன் என்று ஒரு புனைபெயர்க்காரர் வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக வேலை பார்த்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவை ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்துத்தான் மார்ச் 29-ம் தேதி விஷயத்தை வெளியிட்டார். அரை வினாடி! நாமாக இருந்தால் "சிஸ்டம் ஸ்லோடா" என்று திட்டிவிட்டு கேன்டீனுக்குப் போயிருப்போம். டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் ராஹைடு போன்ற முன்வரிசைக்காரர்களிடம்தான் அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. நிதானமான கிளைகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் செக்சம் என்ன செய்தது என்று கேட்கலாம். ஒன்றும் செய்யாது. பராமரிப்பாளர் பார்த்த அதே கோப்புதான் உன் கைக்கும் வந்தது என்று மட்டும் செக்சம் உறுதி சொல்லும். எழுதியவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் ஃப்ரீ பி.எஸ்.டி.யின் காலாண்டுக் கிளை எனக்குப் பிடிக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கிளை பிரிப்பார்கள். இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் கட்டுமானக் கோளாறுக்கான திருத்தங்களும்தான் வரும். 'பி.கே.ஜி. ஆடிட்' அடித்தால் உன் மெஷினில் உள்ளவற்றில் எதில் ஓட்டை என்று பட்டியல் வரும். போர்ட்ஸ் மரத்தில் 'அப்டேட்டிங்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள், யார் கவனமாக இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படித்த ஒரு ஆளை இதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. நான் படிக்க ஆரம்பித்ததும் அந்த வீடியோ விவகாரத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவர் பெயர் போட்டிருக்கும். பலரும் சம்பளம் வாங்காதவர்கள். கேட்பாரற்ற போர்ட்களுக்கு ஆள் பெயருக்குப் பதில் பொது முகவரி மட்டும் இருக்கும். அவற்றில் ஒன்றை யார் வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ள முன்வரலாம். திருத்தம் எழுதி, கட்டிப் பார்த்து, பக்சில்லாவில் அனுப்ப வேண்டும். டிகிரியா டிப்ளமோவா என்று கேட்கமாட்டார்கள். ஏற்கெனவே பராமரிப்பாளர் இருந்து, அவர் இரண்டு வாரம் பதில் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நகர்த்தவும் விதி இருக்கிறது. நம் புராஜெக்ட் ரிப்போர்ட் தடவைக்குத் தடவை அதே 'நூலக மேலாண்மை'யாக இருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

வைவாவில் கெர்னல் என்றால் என்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறோம். ஒரு மெஷினைக் கெடாமல் புதுப்பித்துக் காட்டு என்று கேட்டதே இல்லை. கேட்டாலும் எங்கே போய்ப் பழகுவது? லேபில் ரூட் பாஸ்வேர்டு தரமாட்டார்கள். அவர்கள் பயமும் நியாயமானதுதான், நாளைக்கு இன்னொரு பேட்ச் பிராக்டிகல் செய்ய வேண்டுமே. நாம் கேட்பது அந்த மெஷின்களை அல்ல. லேப் மூலையில் உறை போட்டு வைத்திருக்கும் பழைய மெஷின்களில் ஒன்றே ஒன்று. அதற்கு ரூட் அனுமதி, பக்கத்தில் ஒரு நோட்டு. யார், என்றைக்கு, எதைப் போட்டார், எதைப் புதுப்பித்தார், எது கெட்டது, எப்படிச் சரியானது என்று அதில் எழுத வேண்டும். கெடுத்தவரே சரிசெய்ய வேண்டும். மாணவர் பேரவை வரும் பருவத்துக் கோரிக்கைகளில் இதையும் சேர்க்கலாம் என்று பேரவைச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன். மனுவை எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு கையெழுத்து. அதில் மூன்று பேர் மெக்கானிக்கல்!