பிடியரிசியை மறந்தோம், பிள்ளைகளை ஏசுகிறோம்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும் பெரியவர்களிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை. சம்பளம் வந்த பத்தாம் நாளே வெறுங்கை. ஆனால் கையிலே பார்த்தால் தவணையில் வாங்கிய கைப்பேசி. நாங்கள் எல்லாம் எப்படி வளர்ந்தோம்!" என்பது அப்பேச்சு. கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், பெருமூச்சு விட்டுக் கலைகிறார்கள். அடுத்த ஞாயிறும் அதே பேச்சு தொடர்கிறது.

இப்பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. இளைஞரிடம் ஊதாரித்தனமே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை, இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வானத்திலிருந்து விழுந்ததன்று. நம் வீட்டுக் கூடத்தில் விதைக்கப்பட்டு, நம் பங்கின் விழாப் பந்தலில் நீரூற்றி வளர்க்கப்பட்டது. விதைத்தவர்கள் நாம், விளைந்ததைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் நாமே.

நம் பங்குகளில் நடைபெறும் புதுநன்மை விழாக்களை எண்ணிப் பார்ப்போம். இயேசு ஆண்டவரை ஒரு குழந்தை முதன்முறையாக உணவாக ஏற்கும் புனித நாள் அது. அதற்காக மண்டபம் பிடிக்கப்படுகிறது; தெருமுனையில் குழந்தையின் படத்தோடு பதாகை எழுகிறது; உற்றார் உறவினர்க்கெல்லாம் பிரியாணி விருந்து படைக்கப்படுகிறது. செலவுக்குப் பணம் இல்லாத வீட்டில் தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. மறைக்கல்வி வகுப்பில் கற்றதை அந்தக் குழந்தை ஒருவேளை மறந்துவிடலாம். ஆனால், கடன் வாங்கியேனும் ஊரார் மெச்சச் செலவிட வேண்டும் என்று அன்று கண்ணாரக் கண்ட பாடத்தை மறக்குமா? பத்தாண்டுகள் கழித்து அதே பிள்ளை தவணையில் கைப்பேசி வாங்கி வரும்போது, "இந்தப் பழக்கத்தை யாரிடம் கற்றாய்?" என்று தந்தை சீறுகிறார். பிள்ளை வாய் திறப்பதில்லை. திறந்திருந்தால் தலைகுனிவு யாருக்கு?

இது புதுநன்மையோடு நிற்பதில்லை. திருமணம் வருகிறது. வரதட்சணையை 1961-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்த பிறகும், அதனைச் சீர் என்றும் அன்பளிப்பு என்றும் பெயர் மாற்றிப் பீடத்தின் முன்வரை கொண்டுவந்தவர்கள் நாம். ஒரே நாள் மகிழ்ச்சிக்காகப் பல ஆண்டுக் கடனை இளந்தம்பதியின் தலையில் ஏற்றிவிட்டு, "சிக்கனமாய் வாழுங்கள்" என்று வாழ்த்துரையும் வழங்குகிறோம்.

செயலால் தவறாகக் கற்பித்தது ஒருபுறம் இருக்க, சொல்லால் எதையுமே கற்பிக்காதது மறுபுறம். நம்மில் எத்தனை பேருடைய பிள்ளைகளுக்குத் தந்தையின் மாத வருமானம் தெரியும்? வீட்டு வாடகை எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்பது தெரியும்? பணப்பேச்சு வந்தாலே, "நீ போய்ப் படி" என்று பிள்ளையை விரட்டிவிடுகிறோம். கணக்கு நோட்டை மறைத்து வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கணக்குத் தெரியவில்லை என்று குறைப்படுகிறோம்.

நாம் வாய்மூடி இருக்கலாம். உலகம் வாய்மூடி இருக்கவில்லை. 2016-இல் யு.பி.ஐ. முறை அறிமுகமான பிறகு பணம் நோட்டாகவும் நாணயமாகவும் கையைவிட்டுப் போவது குறைந்து, திரையில் ஒரு விரல் தொடுதலில் போய்விடுகிறது. கொடுக்கும்போது கைக்கு வலித்தால்தான் மனம் எண்ணும். இன்று கைக்கு வலிப்பதில்லை. அதே திரையில் ஐந்தே நிமிடத்தில் கடன் தருவதாக ஒருவன் அழைக்கிறான். சூதாடிப் பணம் ஈட்டலாம் என்று இன்னொருவன் ஆசை காட்டுகிறான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய 2025-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. சட்டங்கள் தேவையே. ஆனால், வட்டி என்றால் என்ன என்று கணக்கிடத் தெரியாதவனைச் சட்டம் எத்தனை நாள் காக்கும்?

மூன்று வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கும் இளைஞனுக்கு, மாதம் 300 ரூபாய் என்பது சிறிய தொகையாகத் தோன்றுகிறது. அது ஆண்டுக்கு 3,600 ரூபாய். அதாவது நூற்றுக்கு 36. ஓராண்டு முழுதும் தவறாமல் வட்டி கட்டிய பிறகும் அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கிறது. இந்த ஒரு கணக்கைப் பத்து நிமிடத்தில் கற்பித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் மறைக்கல்வி நடத்தும் நாம், களவு செய்யாதிருப்பாயாக எனும் கட்டளையை விளக்கும் நாம், நம் பிள்ளைகள் களவாடப்படும் வழி எது என்று ஒரு நாளேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டியதுண்டா?

"பணத்தைப் பற்றிக் கோவிலில் பேசுவதா? அது உலகக் காரியம் அல்லவா? வானத்துப் பறவைகளையும் காட்டுமலர்களையும் பார்த்துக் கவலையற்றிருக்கச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா?" என்று சிலர் கேட்பர். ஆண்டவர் கவலையைத்தான் விலக்கினார், கணக்கை விலக்கவில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பொருள் போதுமா என்று கணக்குப் பார்ப்பான் அல்லவா என்று கேட்டவரும் அவரே. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் அவ்வுவமையைக் காணலாம். சீடராயிருப்பதன் விலையை உணர்த்தவே அவர் அதைக் கூறினார் என்பது உண்மை. ஆயினும், கணக்குப் பார்ப்பதை அறிவுடைமையின் அடையாளமாகக் கொண்டே அதைக் கூறினார் என்பதும் உண்மையன்றோ? ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பின்னர், எஞ்சிய துண்டுகளை வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பங்களைப் பலுகச் செய்ய வல்லவரே மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னார் என்றால், மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எம்மாத்திரம்?

வள்ளுவரும் வருவாய் சிறிதானாலும் செலவு அதனை மிஞ்சாவிடில் கேடில்லை என்ற கருத்தைத் துறவிகளுக்குரிய அதிகாரத்தில் வைக்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். வரவையும் செலவையும் அறிவது தன் வலிமையை அறிவதன் ஒரு கூறு என்பதே அதன் பொருள்.

திருச்சபையின் வரலாறும் நம் மௌனத்தை ஆதரிக்கவில்லை. ஏழைகளைக் கடும்வட்டியிலிருந்து மீட்க, 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் முயற்சியால் இரக்க நிதியகம் ஒன்று நிறுவப்பட்டது. அடகின்பேரில் எளியவர்க்குச் சிறு கடன் தந்த அத்தகைய நிதியகங்களைத் திருத்தந்தை பத்தாம் லியோ 1515-இல் இலாத்தரன் சங்கத்தில் முறைப்படி ஏற்றார். இளைஞரைப் பொறுத்தவரை நமக்கு இன்னும் நெருக்கமான சான்று புனித தொன் போஸ்கோ. துரின் நகரில் தம்மிடம் வந்த ஏழைத் தொழிலாளச் சிறுவர்களுக்காக 1850-இல் அவர் ஒருவருக்கொருவர் உதவும் சங்கம் ஒன்றை அமைத்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் ஒரு சோல்தோ, அதாவது ஒரு சிறு காசு, செலுத்த வேண்டும். உறுப்பினர் ஒருவர் நோயுற்றாலோ வேலையிழந்தாலோ அந்த நிதியிலிருந்து உதவி. சங்கத்தில் சேர்ந்த உடனே உதவி கேட்க முடியாது. ஆறு திங்கள் பொறுத்திருக்க வேண்டும். கொடுப்பது, சேர்ப்பது, காத்திருப்பது, பிறர் துன்பத்தில் பங்கேற்பது ஆகிய நான்கையும் அச்சிறுவர்கள் ஒரே சிறு காசில் கற்றார்கள். அவருடைய பெயரால் விழா எடுக்கும் நாம் அந்தச் சிறு காசை எங்கே தொலைத்தோம்?

"அன்றாடம் காய்ச்சிகளிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது கொடுமை" என்று வேறு சிலர் கூறுவர். இவ்வாதத்தில் உண்மை இருப்பதால் இதனை நாம் மதிக்கிறோம். வயிற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனத்தைப் போதிப்பது அநீதி. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், குடும்பத்தைத் தக்கவாறு பேணப் போதுமான கூலி கிடைத்தால், அறிவுள்ள தொழிலாளி செலவைச் சுருக்கிச் சிறிது சேர்த்துச் சொத்துடையவனாவான் என்றார். நியாயக் கூலி முதலில், சேமிப்பு அடுத்து. இவ்வரிசையை மாற்ற நமக்கு உரிமையில்லை. நம் நிறுவனங்களில் பணிபுரிவோரின் ஊதியத்தையும் இந்த அளவுகோலால் நாம் அளந்து பார்க்க வேண்டும்.

ஆயினும் ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்பதை நாம் ஒப்பமாட்டோம். நம் பாட்டிமார் பிடியரிசி எடுத்ததை மறந்துவிட்டோமா? உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். சமைத்து உண்டு மிஞ்சியதிலிருந்து எடுத்ததன்று அது; உலையேறும் முன்னரே எடுத்தது. நிதி ஆலோசகர்கள் இன்று கட்டணம் பெற்றுக்கொண்டு கூறும் பாடமும் இதுதான்: செலவிட்டு மிஞ்சியதைச் சேர்க்காதே, சேர்த்தது போக எஞ்சியதைச் செலவிடு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அடுப்பங்கரையில் நடத்திய இந்தப் பள்ளியை நாம்தான் மூடிவிட்டோம்.

சேமிப்பு என்றதும் பணத்தைப் பூட்டிவைப்பது என்று கொள்ளலாகாது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனை ஆண்டவர் அறிவிலி என்றார். காணிக்கைப் பெட்டியில் இரு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணைப் புகழ்ந்தார். ஆகவே பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியவை மூன்று பங்குகள்: இன்றைய தேவைக்கு ஒன்று, நாளைய தேவைக்கு ஒன்று, பிறர் தேவைக்கு ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டால் நாம் வளர்ப்பது கஞ்சனை. இரண்டாவதை விட்டுவிட்டால் வளர்ப்பது கடனாளியை.

என்ன செய்யலாம்? மாதத்தின் முதல் ஞாயிறு, இரவுச் செபத்திற்குப் பின், குடும்பமாக அமர்ந்து வரவு செலவை வாய்விட்டுப் படிப்போம். கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் கூறுவோம். பெற்றோரின் கடனை அறிந்த பிள்ளை ஒரு பொருளைக் கேட்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கும். கேட்டபோதெல்லாம் காசு கொடுப்பதை விட்டு, மாதத்திற்கு ஒரு சிறு தொகையைக் கொடுப்போம். பத்தாம் நாளே தீர்த்துவிட்டால் மேலும் கொடுக்காமல் இருப்போம். ஐம்பது ரூபாயில் நேரும் தவறு, பின்னாளில் ஐந்து இலட்சத்தில் நேரும் தவறைத் தடுக்கும். 10 வயது நிறைந்த சிறுவர் சிறுமியர் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி 2014-இலேயே வழிசெய்தது, அவ்வழியைப் பயன்படுத்துவோம். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் ஆண்டில் 3,650 ஆகும். மாதம் 500 ரூபாயை ஐந்தாண்டுகள் அஞ்சலகத்தில் கட்டினால் அசல் மட்டும் 30,000, வட்டி தனி. ஒரு பெண்பிள்ளை கல்லூரியில் சேரும்போது யாரிடமும் கையேந்தாமல் நிற்க அது உதவும்.

பங்குக்கும் கடமை உண்டு. உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பில் வட்டிக்கும் தவணைக்கும் ஒரு நாள் ஒதுக்கட்டும். திருமண ஆயத்த வகுப்பில் இருவரும் தத்தம் கடனை ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ளட்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பணம் திரட்டும் இளைஞர்கள் அதன் கணக்கைத் தாமே எழுதி அன்பியக் கூட்டத்தில் படிக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை ஆன திருவிழாச் செலவு, காசு பிசகாமல் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். வாணவேடிக்கைக்கு எவ்வளவு, ஏழை மாணவர் கல்விக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தன் கணக்கைக் காட்டாத பங்கு பிறருக்குக் கணக்குச் சொல்லித்தர அருகதையற்றது.

கோவில் முற்றத்துப் பேச்சு இனியேனும் நிற்கட்டும். பிள்ளைகளை ஏசுவதற்குச் செலவிடும் அந்த அரைமணி நேரத்தை, வீடு திரும்பி அவர்களுக்கு அருகில் கணக்கு நோட்டோடு அமர்வதற்குச் செலவிடுவோம். அடுப்பங்கரையில் காலியாகக் கிடக்கும் அந்தக் கலயத்தை மீண்டும் எடுத்து வைப்போம். முதற்பிடியை நாம் போட்டால், அடுத்த பிடியைப் பிள்ளை போடும்.