டில்லி அடைத்த கதவு, கொழும்பு திறந்த கதவு

பாட்டைப் பாடியவருக்குப் புகழ் உண்டு. எழுதியவருக்கும் உண்டு. அதை நாள்தோறும் வீடு தேடிக் கொண்டுவந்து சேர்த்த வானொலி அறிவிப்பாளன் மட்டும் கூலிக்கு மாரடித்தவனா? இல்லை என்கிறோம் நாம்.

1952இலே டில்லியில் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாட்டு தரங்கெட்டது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியிலே அதற்கிருந்த இடம் சுருங்கிற்று. ஏறக்குறைய இல்லையென்றே ஆயிற்று. கொடுமுடித் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அவ்வூர் ஈன்ற கே. பி. சுந்தராம்பாள் 1953இலே ‘ஔவையார்’ படத்திலே பாடினார். காங்கிரஸ் மேடைகளிலே பாடியவர்தாம் அவர். அதற்காக அந்தக் குரலின் கம்பீரத்தை நாம் மறுத்தோமா? டில்லியின் தராசிலோ படப்பாட்டு என்றாலே மட்டம்!

மக்கள் மனுக் கொடுக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள்; கொழும்பு பேசிற்று. தேநீர்க் கடையிலும் தறிக்கூடத்திலும் காலையிலே ‘பொங்கும் பூம்புனல்’! 1957இலே டில்லி ‘விவித பாரதி’யைத் தொடங்க நேர்ந்ததே, அது யார் கொடுத்த பாடம்?

ஐம்பதுகளிலே எஸ். பி. மயில்வாகனம் அந்த வர்த்தக ஒலிபரப்பிலே அறிவிப்பைக் கலையாக்கினார். பின்னர் கே. எஸ். ராஜா வந்தார், மடை திறந்த வெள்ளம் அவர் பேச்சு. இராஜேஸ்வரி சண்முகம் வந்தார். அறுபதுகளிலே வானொலிக்குள் நுழைந்த பி. எச். அப்துல் ஹமீது, தமிழ் பேசும் முஸ்லிம். அவர் நாவிலே லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்திலே நின்றன. அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளிலே தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தது. இசைத்தட்டைச் சுழலவிடுவது அரை வேலை. முகமறியா நேயரின் அஞ்சலட்டையைப் படித்து, அவர் பெயரையும் ஊரையும் பிழையின்றிச் சொல்லுவதே மறு பாதி. தம் ஊர்ப் பெயர் கடல் கடந்து ஒலிக்கக் கேட்ட உழைப்பாளியின் பூரிப்பை எந்த அமைச்சர் அளந்தார்?

மொழியிலும் பாருங்கள். டில்லி தன்னை ‘ஆகாசவாணி’ என்றது. கொழும்போ ‘ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்றது, ‘அறிவிப்பாளர்’ என்றது, ‘நேயர்’ என்றது. 2023 மே திங்களிலே, அகில இந்திய வானொலி என்பதே வேண்டாம், ஆகாசவாணி என்றே சொல்லுக என்று மீண்டும் ஆணை பறந்தது, தமிழகம் எதிர்த்தது.

1983 ஜூலையிலே அதே கொழும்பிலே தமிழர் வீடும் கடையும் தீக்கிரையாயின; தமிழர் குருதி தெருவிலே ஓடிற்று. அரசு வானொலி என்பதால் அங்குள்ளோர் வாய்திறந்து அழவும் முடியாத நிலை. அதன் பின்னும் அந்நகரிலே தமிழ் ஒலிபரப்பு ஓயவில்லை. அந்த ஒலிவாங்கியின் முன் அமர எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

ஹமீது தம் நினைவுகளை நூலாக்கி, ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று பெயரிட்டார். வழிப்போக்கனாம்! அடக்கம் அவருக்கு அழகு, நாம் ஒப்பமாட்டோம். கொடுமுடிப் படிப்பகத் தோழர்கள் அந்நூலில் ஒரு படி வாங்கி வைக்கட்டும். இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்க, பழைய நேயர்கள் கூடியிருந்து கேட்கட்டும்.