கரண்ட் போன இரவில் எடுத்த படம்



போன கிழமை நான் போட்ட நட்சத்திரப் படத்துக்குக் கீழே, "சேர், இது கூகுளில் எடுத்ததுதானே?" என்று தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். கோபம் வரவில்லை. இவ்வளவு லைட்டுக்குள் வளர்கிற பிள்ளை வேறென்ன நினைப்பான்?

மகன், அது எங்கட மொட்டை மாடியில் எடுத்தது.

இந்த மாசியில் இஷா முடிந்து வெளியே வந்ததும் அண்ணாந்து பாருங்கள். சின்னக் கொத்தாக ஆறு நட்சத்திரம் தெரியும். தமிழில் கார்த்திகை, அறபியில் ஸுரையா. அந்தப் பெயரில் நம்மூரில் எத்தனை பிள்ளைகள்! பெயருக்குரியதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சுமார் 440 ஒளியாண்டு தூரம். சுற்றிலும் நீலப் புகை போலத் தெரிவது தூசி முகில், நெபுலா என்பார்கள். அது தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திர ஒளி பட்டுத் தெறிக்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு பகுதியை 1859இல் வெனிஸ் நகரில் முதலில் கண்ட வில்ஹெல்ம் டெம்பல் பல்கலைக்கழகம் போனவரல்ல. கல்லச்சுக்குப் படம் வரைகிற தொழிலாளி. கையில் 4 அங்குலத் தொலைநோக்கிதான் இருந்தது.

என்னிடம் அதுவும் இல்லை. பழைய கமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஸ்டாண்ட். பூமி சுற்றுவதால் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். அதனால் 3 செக்கன் வீதம் 600 படம். இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தால் அரை மணி நேர வெளிச்சம்.

மூன்று இரவு எடுத்தும் வானம் சாம்பல் பூசியது போலவே வந்தது. நாலாவது இரவு லைன் அறுந்து ஊருக்கே கரண்ட் போனது. அன்றைக்குத்தான் அந்த நீலம் வந்தது. (2022இல் கரண்ட் வெட்டும்போது திட்டிக்கொண்டே வீட்டுக்குள் இருந்துவிட்டேன். இப்போது கவலைப்படுகிறேன்.)

வீதி லைட்டை அணைக்கச் சொல்லவில்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் வருகிறார்கள், பெண்கள் நடக்கிறார்கள். ஆனால் ஆளில்லாத மைதானத்துக்கு சுபஹ் வரைக்கும் எதற்கு லைட்? அதில் எவ்வளவோ வானத்துக்குத்தான் போகிறது. முகத்தைக் கீழே திருப்பி, மேலே ஒரு மூடி போட்டு, 10 மணிக்கு அணைத்தால் போதும். மினாராவின் கலர் லைட்டையும் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவீர்கள். பரவாயில்லை, அதையும்தான் சொல்கிறேன். பில் கட்டுவதும் நம்மட சந்தாக் காசுதான்.

மைதானக் குழுவுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் நிலவில்லாத அடுத்த வெள்ளி இரவு மாடிக்கு வாருங்கள். கமரா இருக்கும், பிளேன்டீயும் இருக்கும். கூகுள் என்று சொன்ன மகனும் வரவேண்டும்.