மூன்று நாளுக்கு ஓர் அத்தியாயம்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் நண்பர்களின் பட்டியல்களும் வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டு படித்தவை 40, 65, 100 என்று போட்டு, அடுத்த ஆண்டுக்கான இலக்கையும் கீழேயே எழுதிவிடுகிறார்கள். போன ஜனவரியில் நானும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் 50 என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. 47 வந்திருக்கிறது. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், முடித்த தேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. செப்டம்பரில் முடித்ததாக எழுதியிருக்கும் ஒரு நாவலில் யாருக்கு என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அக்டோபருக்குப் பிறகு எடுத்தவை அத்தனையும் 120 பக்கத்துக்குள் அடங்குபவை. கணக்கு இடிக்கிறதே என்ற பதைப்பில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறேன். மெலிந்த புத்தகம் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் தாத்தா வைத்துவிட்டுப் போன, உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இந்த ஆண்டும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அந்தப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்தது. உ.வே.சாமிநாதையருக்கு அப்போது வயது 25, கல்லூரித் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராயிற்றே! அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா என்று நீண்ட பட்டியல் சொல்கிறார். இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று முதலியார் கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. படித்ததில்லை.

சாமிநாதையரின் பட்டியலில் இருந்தவை பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டுப் படித்தவை. என் 47-ஐ அதன் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. எனக்குப் பாடம் அதற்கு அடுத்து நடந்ததில்தான் இருக்கிறது. அவர் சிந்தாமணி என்ற ஒரே நூலைக் கையில் எடுத்தார். ஏடு தேடினார், பாடம் ஒப்பிட்டார், புரியாத இடங்களுக்குச் சமணர் வீடுகளுக்குப் போய் விளக்கம் கேட்டார். அச்சிட்டு வெளியிட்டது 1887-இல். ஒரு நூலுக்குள் முழுதாக இறங்கிப் போனவருக்குத்தான் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் பின்னால் வரிசையாகக் கைவந்தன.

ஆகவே வரும் ஆண்டுக்கு நோட்டில் எண் எழுதப் போவதில்லை. ஒரு புத்தகத்தின் பெயர்தான். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் முடிவுபெறாமலே நிற்கிறது. மொத்தம் 122 அத்தியாயங்கள். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் 366 நாள், ஏறக்குறைய ஓர் ஆண்டு. அன்றைய வாசகர்கள் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தார்கள். எனக்கு மூன்று நாள் பொறுக்க முடியாதா?

முதல் நாள் வாசிப்பு, இரண்டாம் நாள் அதே அத்தியாயம் மறுபடி, மூன்றாம் நாள் மனத்தில் தங்கியதை நோட்டில் நாலு வரி. நேரம் காலை ஆறரை, செல்போனைத் தொடுவதற்கு முன்னால். நடுவில் வேறு புத்தகம் படிக்கத் தோன்றினால் தாராளமாகப் படிப்பேன். ஜனவரியில் புத்தகக் காட்சி வருகிறது, வெறுங்கையோடு திரும்புகிற ஆளில்லை நான். அவை கணக்கில் சேராது, அவ்வளவுதான்.

வாசிப்பது எனக்காக மட்டும் இல்லை. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் பொடி எழுத்தைப் படிக்க முடிவதில்லை. நேற்று ஒத்திகையாக முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாத்தா பென்சிலால் ஓரத்தில் போட்ட கோடுகள் பாதி அழிந்திருக்கின்றன. தஞ்சாவூர் அரசர் ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொண்டு, அதற்குப் பரிகாரமாக உத்தமதானபுரம் உண்டான கதையைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வலங்கைமான்காரி. "நம்ம ஊர்ப் பக்கந்தான்டா அது. ஏன் நிறுத்திட்டே, மேல படி" என்றாள். ஜனவரி 1 வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பல வருஷமாகக் காத்திருக்கும் தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். இந்த வாரமே தூசி தட்டி, கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பார்த்து, 365-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள்.